வெள்ளி, சனி அலையில்லை

அலை செத்துக் கிடந்தது.

கரையில் பாப்ளர் மரங்கள் பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கால்வாயின் எதிர்க்கரையோரம் தண்ணீர் சிலுசிலுவென்று நெளிந்தது. படகின் மூக்குக்குக் கீழே, ஒரு மெல்லிய கம்பி தொங்கிய இடத்தில் மட்டும் துடைத்துவிட்ட கண்ணாடி போல ஒரே தட்டை.

"அம்பிகா! ஓடி வா! இந்த அநியாயத்தை வந்து பாரு!"

மேல்தளத்திலிருந்து குருமூர்த்தி கத்தினான். கீழே சமையலறையில் இருந்த அம்பிகாவால் ஓடி வர முடியாது. மணல் ஏற்றிய கப்பல் ஒன்று அப்போதுதான் கடந்து போயிருந்தது. அது கிளப்பிவிட்ட ஆட்டத்தில் படகு இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தது. ஒரு கையில் ரசப் பாத்திரம், மறு கையில் சாதப் பானை, இடுப்பால் அலமாரிக் கதவு என்று மூன்றையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரசத்தை விட்டுட்டு வரட்டுமா, ரசத்தோட வரட்டுமா?"

"விளையாடாதே! பேனா நேர்கோடு போடுது!"

அந்தப் பேனாதான் இரண்டு பேர் தலையெழுத்தையும் எழுதிக்கொண்டிருந்தது.

குருமூர்த்தி கிண்டியில் இன்ஜினியரிங் முடித்து, ஸ்காலர்ஷிப் வாங்கி, அறுபத்தேழில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்தவன். காற்று தண்ணீரை எப்படிச் சிலிர்க்க வைக்கிறது என்பதுதான் அவனுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அதற்காக அவன் பேராசிரியர், துறைமுகத்துக்குப் போகும் கால்வாயில் 'லீஸெலோட்டே' என்ற பழைய நிலக்கரிப் படகைக் கட்டிப்போட்டுக் கொடுத்திருந்தார். முகப்பிலிருந்து ஒரு கம்பி தண்ணீரில் தொங்கும். சிற்றலை அந்தக் கம்பியில் ஏறி இறங்கும்போது, கருவியிலுள்ள பேனா உருளும் காகிதத்தில் நடுங்கி நடுங்கிக் கோடு போடும். காற்று அடித்தால் பேனா நடுங்கியாக வேண்டும்.

மற்ற நாட்களில் நடுங்கியது. வெள்ளியும் சனியும் மட்டும் அடம் பிடித்தது. எத்தனையோ வாரமாக இதே கூத்து.

அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் ஹாகெடோர்ன் நேரில் வருகிறார். அளவுகள் சரி என்று அவர் தலையாட்டினால் படகு வாசம் முடிந்தது. டுர்லாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டை அம்பிகா பார்த்து வைத்திருந்தாள். ஆடாத தரை, பக்கத்திலேயே டிராம். வீட்டுக்காரி ஃப்ராவ் மெர்க்லே, அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டாள். பேராசிரியர் தலையாட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். அதுவரை இந்தப் படகுதான் வீடு, இந்த ஆட்டம்தான் வாழ்க்கை.

ஆட்டம் அடங்கியதும் அம்பிகா மேலே வந்து தண்ணீரைக் குனிந்து பார்த்தாள்.

"ஏதோ படலம் பரவியிருக்குங்க."

"அதான் தெரியுதே! டீசல். அந்தக் கிழவன் வேலை."

"டீசலா இருந்தா வானவில் மாதிரி கலர் கலரா தெரியும். நாத்தம் வரும். இங்க ரெண்டும் இல்லையே."

"நீ திருச்சியில கெமிஸ்ட்ரி லேப்ல இருந்தே, ஒத்துக்கறேன். இது ஹைட்ராலிக்ஸ். இதுல நீ தலையிடாதே."

அம்பிகா வாயை மூடிக்கொண்டாள். இந்தப் படகில் அவள் மூடிக்கொண்ட விஷயங்கள் ஒன்றா இரண்டா? சோப்பு ஒரு துளி கூடக் கால்வாயில் சேரக்கூடாது என்று பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னார். அதைக் குருமூர்த்தி வேதமாக்கிவிட்டான். பாத்திரம் கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து, வழுக்குகிற பலகை மேல் நடந்து கரையேறி, புதரில் கொட்டிவிட்டு வரவேண்டும். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சலவைக் கடைக்குப் போகவேண்டும். குளிக்கவும் சோப்பு கிடையாது, ஷாம்பு கிடையாது. கடலைமாவும் சீயக்காயும்தான். "அதெல்லாம் இயற்கைப் பொருள், ஒண்ணும் பண்ணாது" என்பது குருமூர்த்தியின் தீர்ப்பு. ஜெர்மனிக்கு வந்து சீயக்காய் எரிச்சலில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஒரே எம்.எஸ்ஸி. அவளாகத்தான் இருப்பாள்.

குருமூர்த்தி தடதடவென்று பின்பக்கம் போனான்.

பின்னறையில் வெண்ட்லிங் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற படகோட்டி. கயிறு, கரி அடுப்பு, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சிக்கூடம் அவரைப் படகிலேயே வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் படகின் அடித்தளத்தில் ஊறி நிற்கும் தண்ணீரைப் பம்ப் போட்டு வெளியேற்றுவது அவர் வழக்கம். குருமூர்த்திக்குச் சந்தேகம் பிறந்தது அங்கேதான்.

"ஹெர் வெண்ட்லிங், இன்றைக்கும் பம்ப் போட்டீர்களா?"

"வெள்ளிக்கிழமை. போடாமல்?"

"அந்தத் தண்ணீரில் இன்ஜின் எண்ணெய் இருக்கிறது. என் அளவுகளை நாசம் பண்ணுகிறீர்கள்."

வெண்ட்லிங் கத்தியைக் கீழே வைத்தார்.

"என் இன்ஜின் ஒழுகாது."

"எல்லா இன்ஜினும் ஒழுகும்."

"உங்கள் ஊரில் ஒழுகும் போல."

"ஏன் வேண்டுமென்றே செய்கிறீர்கள்? நாங்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டால் உங்களுக்கு வேலை போய்விடும், அதனாலா?"

வாசலில் நின்ற அம்பிகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "என்னங்க பேசறீங்க!" என்றாள் தமிழில். நேரம் கடந்திருந்தது.

கிழவர் எழுந்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்ஜின் சாவியைக் கொக்கியிலிருந்து கழற்றி, உரித்த உருளைக்கிழங்குகளுக்கு நடுவே போட்டார்.

"நான் வோர்த்தில் தங்கை வீட்டில் இருப்பேன். படகு உங்களுடையது, ஹெர் குருமூர்த்தி. அது என்னிடம் பேசும். உங்களிடம் பேசுகிறதா பாருங்கள்."

பலகை மேல் அவர் காலடி ஓய்ந்தது.

பேசாமல் என்ன, படகு நன்றாகவே பேசியது. கத்தியது என்று கூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை பேனா மறுபடி நேர்கோடுதான் போட்டது; கிழவன் நேற்றுக் கொட்டினது இன்னும் மிதக்கிறது என்றான் குருமூர்த்தி. ஞாயிற்றுக்கிழமை கரி அடுப்பு அணைந்தது. குருமூர்த்தி மறுபடி பற்ற வைத்தான். புகைபோக்கியில் எந்தத் தகட்டைத் திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. புகை முழுக்க அறைக்குள் இறங்கியது. இருவரும் இருமிக்கொண்டே மேல்தளத்துக்கு ஓடினார்கள். காயப்போட்டிருந்த அம்பிகாவின் மஞ்சள் புடவை சாம்பல் புடவையானது.

திங்கட்கிழமை கால்வாயில் நீர்மட்டம் இறங்கியது. கயிற்றைத் தளர்த்திவிட ஆளில்லை. படகு கரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒருக்களித்து நின்றது. சாம்பார் ஊற்றினால் தட்டின் ஒரு மூலைக்கு ஓடியது. கட்டிலில் படுத்தால் குருமூர்த்தி உருண்டு வந்து அவள் மேல் விழுந்தான்.

"தள்ளிப் படுங்க."

"தள்ளித்தான் படுத்தேன். படகு தள்ளுது."

செவ்வாய்க்கிழமை குடிதண்ணீர் தீர்ந்தது. துறைமுகக் குழாயிலிருந்து அம்பிகா வாளி வாளியாகச் சுமந்தாள். அடித்தளத்தில் ஊறின தண்ணீர் ஏறி, பலகை இடுக்கில் அழுகிய நாற்றம் வந்தது. பம்ப் போடக் கூடாது என்று குருமூர்த்தி ஆணியடித்த மாதிரி சொல்லிவிட்டான்.

"அவரைக் கூப்பிட்டுடுங்க. ஒரு ஸாரி சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

"வெள்ளிக்கிழமை வரட்டும். அவன் இல்லாம அலை வருதா இல்லையா பாரு. அப்புறம் சொல்லு யாருக்கு ஸாரின்னு."

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று விடிந்ததிலிருந்து அம்பிகாவுக்குத் தலைக்கு மேல் வேலை. மறுநாள் பேராசிரியர் வருகிறார். புகை படிந்த சுவர், கரி படிந்த தரை, நாறும் பலகை. தேய்த்துத் தேய்த்து முதுகு விட்டுப் போயிற்று. தலைக்குக் குளிக்கக்கூட நேரமில்லை.

மேலே குருமூர்த்தி கூத்தாடினான்.

"அம்பிகா! நடுங்குது! வெள்ளிக்கிழமை பேனா நடுங்குது! சொன்னேனா இல்லையா? கிழவன் போனான், அலை வந்தது!"

அவள் போய்ப் பார்த்தாள். உண்மைதான். கம்பியைச் சுற்றித் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. பேனா குளிர்ஜுரம் வந்தவன் கை மாதிரி உதறிக்கொண்டிருந்தது. அவளுக்கு டுர்லாக் மூன்றாவது மாடி ஜன்னல் கண்முன் வந்தது. அந்த நிமிஷம் அவளும் நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் சேஷாத்ரி வந்து சேர்ந்தான். பௌதிகம் படிக்கிற மாணவன், குருமூர்த்தியின் சிநேகிதன். சனிக்கிழமை தவறமாட்டான். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரிக்குக் குளியல் தொட்டியில் பிசுக்கென்றால் பேயைக் கண்ட மாதிரி. அதனால் துண்டும் கையுமாகப் படகுக்கு வந்துவிடுவான்.

"மன்னி, என்ன இது, படகு கோணிண்டு நிக்கறது? கும்பகோணம் பஸ் மாதிரி?"

"உங்க சிநேகிதர் ஓட்டற வண்டி, வேற எப்படி நிக்கும்?"

"டேய் குரு, ப்ரொஃபசர் வர்ற நாள். முகம் என்னடா கருவாடு மாதிரி இருக்கு? வா, நன்னா தேச்சுண்டு ஒரு குளியல் போடு. உஷ்ணம் இறங்கினா மூளை தானா வேலை செய்யும்."

"நானும் அதான் நினைச்சேன். சனி நீராடுன்னு சும்மாவா சொன்னாங்க. அம்பிகா, அந்த நல்லெண்ணெயைச் சூடு பண்ணு. ரெண்டு மிளகு போடு."

திருச்சியிலிருந்து ஈயம் வைத்து அடைத்து வந்த டின் அது. வெள்ளிக்கிழமை அவளுக்கு, சனிக்கிழமை ஆண்கள் இருவருக்கும். அவள் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு பேரும் முகப்புப் பக்கத்துக் குளியலறையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாறி மாறி உச்சியில் தட்டிக்கொள்ளும் சத்தம் சமையலறை வரை கேட்டது. அப்புறம் வெந்நீர் ஊற்றுகிற சத்தம். சீயக்காய் வாசனை.

பேராசிரியர் ஹாகெடோர்ன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒட்டடைக் குச்சிக்குக் கோட்டு மாட்டின மாதிரி உருவம். சாய்ந்து நின்ற படகை ஏற இறங்கப் பார்த்தார். நேராக முகப்புக்கு நடந்தார். குருமூர்த்தி ஈரத் தலையைக் கையால் வாரிக்கொண்டே பின்னால் ஓடினான்.

காற்று நன்றாகவே வீசியது. மரங்கள் வளைந்தன. எதிர்க்கரையில் அலை துள்ளியது.

பேனா நேர்கோடு போட்டது.

அம்பிகா காபித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவள், சமையலறையின் வட்ட ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

குளியலறைக் குழாய் படகின் பக்கவாட்டில் திறந்தது. அதிலிருந்து சீயக்காய் நுரை பழுப்பாக வழிந்து கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. நுரை கரைந்த இடத்திலிருந்து ஒரு தட்டைப் படலம், பாய் விரிக்கிற மாதிரி, மெதுவாகக் கம்பியை நோக்கி நகர்ந்தது. அது போன வழியெல்லாம் சிற்றலை படுத்துக்கொண்டது.

வெள்ளி. சனி. நேற்று அவள் குளிக்கவில்லை. நேற்று அலை வந்தது.

அவள் தட்டோடு படியேறினாள்.

மேலே வந்தபோது குருமூர்த்தி பேசிக்கொண்டிருந்தான்.

"...வெண்ட்லிங்தான் காரணம், ஹெர் ப்ரொஃபசர். பல வாரமாக இன்ஜின் கழிவைக் கொட்டியிருக்கிறார். அது அடித்தளத்திலிருந்து இன்னும் கசிகிறது. அவர் போன பிறகு நேற்று எவ்வளவு சுத்தமான அளவு வந்தது, பாருங்கள்!"

பேராசிரியர் வெள்ளிக்கிழமைக் காகிதச் சுருளை விரித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தலை மெல்ல மேலும் கீழும் அசைந்தது.

"இது நல்ல அளவு. மிக நல்ல அளவு. கெட்ட நாட்களை அடித்துவிடலாம். மிச்சமே போதுமானது. வெண்ட்லிங்கைத் திங்கட்கிழமை வேலையிலிருந்து எடுத்துவிடுகிறேன். பென்ஷன் ஆபீசுக்கும் இதை எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்."

தலையாட்டிவிட்டார். முடிந்தது. டுர்லாக், மூன்றாவது மாடி. அவள் செய்ய வேண்டியதெல்லாம் காபியைக் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாகக் கீழே போவதுதான்.

அம்பிகா தட்டைக் கீழே வைத்தாள்.

"ஹெர் ப்ரொஃபசர், அது டீசல் இல்லை."

"அம்பிகா, காபியை வெச்சுட்டுக் கீழ போ" என்றான் குருமூர்த்தி தமிழில், சிரித்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"எண்ணெய்தான். வெண்ட்லிங்கோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"தலையைத் தொட்டுப் பாருங்க."

குருமூர்த்தியின் கை தன்னையறியாமல் உச்சிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

அவள் கீழே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. படகின் மறுபக்கம், சிற்றலை துள்ளிக்கொண்டிருந்த இடத்துக்குப் பேராசிரியரை அழைத்துப் போனாள். "நாங்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற எண்ணெய்" என்று, விரல் நுனியில் தொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

தண்ணீரில் ஒரு வட்டம் திறந்தது. விரிந்தது. பெரிதாகி ஒரு அறை அளவுக்குப் போயிற்று. அதற்குள் அலை ஒன்றுகூட இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாரத்துக்கு எவ்வளவு இப்படிப் போகிறது?"

குளியலறைக் கதவு திறந்து, இடுப்பில் துண்டோடு, தலை பளபளக்கச் சேஷாத்ரி வெளியே வந்தான். கேள்வி அவன் காதில் விழுந்திருந்தது.

"ஆளுக்கு ரெண்டு கரண்டி, ஹெர் ப்ரொஃபசர்" என்றான் பெருமையாக. "மன்னிக்கு மூணு. கூந்தல் ஜாஸ்தி."

பேராசிரியர் கம்பியிடம் குனிந்தார். விரலால் வருடினார். முகர்ந்து பார்த்தார்.

"இந்தக் கம்பியைத் தினமும் யார் சரி செய்வது?"

"நான்தான்" என்றான் குருமூர்த்தி. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "காலையில். தலை வாரின பிறகு."

"தலை வாரும்போதும் எண்ணெய் உண்டா?"

"அது வேறு, ஹெர் ப்ரொஃபசர். தேங்காய் எண்ணெய்."

பேராசிரியர் வெள்ளிக்கிழமைச் சுருளை மறுபடி சுருட்டி, மெதுவாக அவன் கையில் கொடுத்தார்.

"அப்படியானால் நல்ல நாள் என்று ஒன்றுமே இல்லை, ஹெர் குருமூர்த்தி. எந்தக் கோடு காற்று போட்டது, எந்தக் கோடு உங்கள் தலை போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? புதுக் கம்பி போடுங்கள். முதலிலிருந்து ஆரம்பியுங்கள். வசந்த காலத்தில் வந்து பார்க்கிறேன்."

காபியைக் குடிக்காமலே போய்விட்டார். பலகை தாண்டினதும் திரும்பி அம்பிகாவைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? வெந்நீர் போடவா?

சேஷாத்ரி நிலைமை புரிந்து சட்டையை மாட்டிக்கொண்டான். "மன்னி, நான் இன்னொரு நாள் வரேன்." சாப்பிடாமல் அவன் படகை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

குருமூர்த்தி முகப்பில் உட்கார்ந்திருந்தான். காகிதச் சுருள் மடியில் கிடந்தது.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் நீ. அவரே முடிச்சுட்டார். அவரே தலையாட்டிட்டார்!"

"ஆமா. ஆட்டிட்டார்."

"ஃப்ளாட் ஃப்ளாட்னு உயிரை எடுத்தியே! உனக்காகத்தானே அத்தனையும்!"

"எனக்காகவா? எனக்காக அந்த மனுஷன் மேல பழி போட்டீங்களா? எனக்காகத் தினமும் வாளித் தண்ணியைத் தூக்க வெச்சீங்களா? டீசல் இல்லைன்னு அன்னிக்கே சொன்னேன். ஹைட்ராலிக்ஸ்னு சொல்லி வாயை அடைச்சீங்க."

"எண்ணெய்க் குளியல்னு நீயும்தான் யோசிக்கல!"

அதுவும் உண்மை. அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வாராவாரம் தன் கையால் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். மிளகு வேறு போட்டு.

"எழுந்திரிங்க" என்றாள். "வோர்த்துக்குப் போய் வெண்ட்லிங்கைக் கூட்டிட்டு வாங்க."

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"சிரிப்பான்."

"சிரிக்கட்டும். உங்களால அழுதவங்க யாராவது சிரிச்சா புண்ணியம்."

அவன் போனான். எண்ணெய்த் தலை வெயிலில் மின்ன, தோள் தொங்க, பலகையைத் தாண்டிப் போனான். அம்பிகா கைப்பையில் சில்லறை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில், பாலத்தடி டெலிபோன் கூண்டுக்கு நடந்தாள். சாயந்திரத்துக்கு இன்னும் நேரமிருந்தது. இருந்து என்ன?

"ஃப்ராவ் மெர்க்லே, நான் அம்பிகா குருமூர்த்தி. அந்த ஃப்ளாட்... எங்களால் வர முடியவில்லை."

"அடடா! திரை கூட மாட்டிவிட்டேனே. என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"வேலை போய்விட்டதா?"

"இல்லை. இன்னும் நிறைய வேலை வந்துவிட்டது."

"பின்னே?"

காற்று, கம்பி, படலம், வெள்ளி, சனி. எல்லாவற்றையும் ஜெர்மனில் கோக்கப் பார்த்தாள் அம்பிகா. நுனி பிடிபடவில்லை. கூண்டுக்கு வெளியே ஒரு லாரி டிரைவர் தன் முறைக்காகக் காத்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் கணவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டார்" என்றாள்.

லாரி டிரைவர் கூண்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"உங்கள் நாட்டில் அது தவறா?"

"இல்லை, ஃப்ராவ் மெர்க்லே. உடம்புக்கு நல்லது என்று சொல்லுவோம்."

அந்தம்மாள் போனை வைத்துவிட்டாள்.